கோன் ஐஸா, கப் கேக்கா, குலாப் ஜாமூனா: முதலில் எதை வரைவது?

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் படம் வரைய வருவார்கள். கார்ட்டூன் இனிப்பு வரையலாம் என்றதும் எல்லோரும் ஒரே குரலில் கேட்டது கப் கேக். புதுச்சேரிப் பிள்ளைகள், பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நானும் மறுக்காமல் அதையே வரைந்து காட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதித் தாள்களில் பூந்தொட்டிதான் இருந்தது.

அடுத்த இரண்டு வாரங்களில் குலாப் ஜாமூனையும் கோன் ஐஸையும் வைத்துப் பார்த்தேன். புதிதாக வரைபவருக்கு ஒரு இனிப்பு கைகொடுக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். வெறும் வெளிக்கோட்டைப் பார்த்தே இன்னதென்று தெரிய வேண்டும். கண்ணும் வாயும் வைக்க வெற்றிடம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாத இனிப்புதான் பிள்ளைகளை அழ வைக்கிறது.

கப் கேக்குக்கு முதல் குணம் உண்டு, ஆனால் அதற்குப் படும் பாடு அதிகம். அடியில் குறுகும் காகிதக் கிண்ணத்தில் நடு மடிப்புக் கோடு மட்டுமே நேராக நிற்கும்; ஓரத்துக்குப் போகப் போக மற்றவை சாய வேண்டும். பிள்ளைகள் எல்லாக் கோட்டையும் வேலிக் கம்புபோல் நிறுத்திவிடுகிறார்கள்; பூந்தொட்டி பிறப்பது அங்கேதான். மேலே கிரீமை மூன்று அடுக்காக, ஒன்றைவிட ஒன்று சிறிதாக ஏற்ற வேண்டும். அதற்குள் முகத்தை எங்கே வைப்பது என்ற குழப்பம். கிரீமில் வைத்தால் அடுக்குக் கோடுகள் முகத்தை வெட்டுகின்றன, கிண்ணத்தில் வைத்தால் மடிப்புகள். முகம் வரும் இடத்தில் மடிப்புகளை விட்டுவிடலாம்தான். ஆனால் எதை வரையாமல் விடுவது என்று தெரிவதற்குக் கொஞ்சம் கை பழகியிருக்க வேண்டும்.

குலாப் ஜாமூன் ஒரே வட்டம்தானே என்று நானே ஏமாந்தேன். தனி வட்டத்தைப் போல் கோணலைக் காட்டிக்கொடுக்கும் வடிவம் வேறில்லை. அப்படியே வட்டம் சரியாக வந்தாலும், பழுப்பு நிறம் தீட்டிக் கண் வைத்தால் அது எதுவாகவும் இருக்கலாம். ஒரு பையன் வரைந்ததைப் பார்த்து அவன் தம்பி “உருளைக்கிழங்கா, அண்ணா?” என்று கேட்டதோடு அன்றைய வகுப்பு முடிந்தது. கிண்ணமும் பாகும் சேர்த்தால் தெரியும். ஆனால் அப்போது வரைவது கிண்ணத்தைத்தான்.

உள்ளூர் இனிப்புதான் வேண்டும் என்றால் லட்டு தேவலாம். அதன் விளிம்பு கரடுமுரடாக இருப்பதுதான் அழகு என்பதால் நடுங்கும் கைக்கும் மன்னிப்பு உண்டு. பூந்தி மணிகளை ஓரத்தில் மட்டும் போட்டு, நடுவை முகத்துக்கு விட்டுவிட வேண்டும். ஜிலேபியில் முகத்துக்கு இடமே இல்லை. அதைத் தின்றுவிடுவதே நல்லது.

கோன் ஐஸில்தான் எல்லாம் கூடி வருகிறது. கீழே கூம்பு, மேலே முக்கால் வட்டம். இரண்டும் சேரும் இடம்தான் எப்போதும் கோணலாகும்; அந்த இடத்தையே வழியும் ஐஸ்கிரீம் மூடிவிடுகிறது. நாட்டு ஓட்டுக் கூரையின் விளிம்புபோல் ஒரு அலைக்கோடு, அதில் ஒரு வழிசல் மட்டும் மற்றவற்றைவிட நீளம், அவ்வளவுதான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே நின்று கோன் தின்ற பிள்ளைக்கு அது எப்படி வழியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூம்பின் கட்டங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கோடுகள் நெட்டுக்குத்தாகவோ படுக்கையாகவோ வரக் கூடாது. இடது ஓரத்துக்கு இணையாகச் சில, வலது ஓரத்துக்கு இணையாகச் சில.

முகத்துக்கு முழு உருண்டையும் காலியாக இருக்கிறது. ஒரு சிறுமி கண்களை உருண்டையின் சரி நடுவில் வைத்து, வாயை வெகு கீழே இழுத்திருந்தாள். ஐஸ்கிரீம் ஏதோ கடன் கேட்க வந்த பெரியவர்போல் விழித்தது. அழித்து, கண்களைக் கட்டைவிரல் அகலம் கீழே இறக்கி, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, வாயைக் கண்களுக்கு நடுவே, கிட்டத்தட்ட அதே மட்டத்தில் சின்னதாகப் போடச் சொன்னேன். கன்னத்தில் இரண்டு ரோஜா நிறப் பொட்டு. பெரியவர் கைக்குழந்தையாகிவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. அகன்ற நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகிய குழந்தை முகக் கூறுகள் நம்மிடம் பரிவைத் தூண்டுகின்றன என்று ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இலேயே எழுதியிருக்கிறார். கொஞ்சத் தோன்றும் அழகுக்கு ஜப்பானியர்கள் கவாயி என்று சொல்லும் பாணியிலும் இதே கணக்குதான்.

வண்ணத்திலும் போட்டி உண்டு. கிரேயான் வேகமானது, ஆனால் அதில் கண்ணை மெல்லியதாக வரைய முடியாது. மெழுகின் மேல் பேனாவும் வழுக்கும். ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று இருக்கும். ஆனால் அதன் மை தண்ணீரில் கரைவது; கறுப்பு வெளிக்கோட்டை முதலில் போட்டுவிட்டு மஞ்சளைத் தீட்டினால் மஞ்சள் முனை கறுப்பை இழுத்துக்கொண்டு போய்ச் சேறாக்கிவிடும். நம் கடற்கரை ஊர் ஈரத்தில் மெல்லிய நோட்டுத் தாள் வேறு ஏற்கெனவே நமுத்திருக்கும். மை மறுபக்கம் வரை இறங்கும். என் ஓட்டு கலர் பென்சிலுக்கு. உடலை அதில் தீட்டிவிட்டு, கடைசியாக ஸ்கெட்ச் பேனாவில் வெளிக்கோடும் கண்ணும். கண்ணுக்குள் மிளகளவு வெள்ளையை மட்டும் தீட்டாமல் விட வேண்டும். அவசரத்தில் அதையும் கறுப்பாக்கிவிட்டு, வெள்ளைக் கிரேயானை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு இருவராவது இருக்கிறார்கள்.