பிட்வார்டனா, கீபாஸா, 1பாஸ்வேர்டா: நாலு பேரோட பகிர்றதை வச்சுப் பாத்தா

இந்த மூணும் பாஸ்வேர்டெல்லாம் ஒரே இடத்துல பூட்டி வைக்கற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப்கள். முதல்லயே சொல்லிடறேன், இது நடுநிலையான அலசல் இல்ல. ரொம்ப காலம் கீபாஸ்எக்ஸ்சில (கீபாஸ் ஃபைலையே திறக்கற இன்னொரு ஆப்) இருந்தேன், நடுவுல 1பாஸ்வேர்டை ட்ரையல்ல ஓட்டிப் பாத்தேன், இப்போ வீட்ல எல்லாரையும் இழுத்துட்டு பிட்வார்டன்ல செட்டில் ஆகிட்டேன். சாய்வு இருக்கத்தான் செய்யும்.

எல்லாத்துக்கும் பொதுவான விஷயத்தை ஓடிக் கடந்துடலாம். மூணுமே 256 பிட் என்க்ரிப்ஷன், மூணுமே நீளமா தாறுமாறான பாஸ்வேர்ட் போட்டுத் தரும், மூணுலயும் ஆட்டோஃபில் (லாகின் பக்கத்துல தானா நிரப்பறது) இருக்கு, பாஸ்கீயும் (பாஸ்வேர்ட் இல்லாம லாகின் பண்ற டிஜிட்டல் சாவி) சேமிக்கலாம், கீபாஸ் பக்கம்னா கீபாஸ்எக்ஸ்சில. தனி ஆளுக்கு இதுல எது எடுத்தாலும் நோட்டுல எழுதறதை விட, எல்லா சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கறதை விட ஆயிரம் மடங்கு தேவலை. ப்ரௌசர்ல சேவ் பண்றதும் கூட தனி ஆளுக்கு ஓகே தான், அதை திட்டறவங்க கொஞ்சம் ஓவரா திட்டறாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம்.

சிக்கல் ஆரம்பிக்கறது ரெண்டாவது ஆள் உள்ள வரும்போது. ஸ்ட்ரீமிங் அக்கவுண்ட், ரூட்டர் லாகின், பில் கட்டற சைட், நண்பர்களோட சேர்ந்து பாத்துக்கற வெப்சைட்டோட ஹோஸ்டிங், இதெல்லாம் ஒருத்தர் கிட்ட மட்டும் இருந்தா வேலைக்கு ஆகாது, சாட்டுல அனுப்பினா அது அங்கயே கிடக்கும், போன் மாத்தும்போது பேக்கப்போட சேர்ந்து அடுத்த போனுக்கும் போகும். அதனால நான் கேக்கற கேள்வி ஒண்ணு தான்: நான் ஒரு பாஸ்வேர்டை மாத்தினா மத்தவங்களுக்கு நான் சொல்லாமலே போய் சேருமா? இந்த ஒண்ணை வச்சு தான் மொத்த முடிவையும் எடுத்தேன்.

ஏன் இதுக்கு இவ்ளோ முக்கியத்துவம்னா, பகிர்ந்த பாஸ்வேர்டை "திரும்ப வாங்கறது"ன்னு ஒண்ணு உண்மையில கிடையாது. வாடகைக்கு இருந்தவர் காலி பண்ணும்போது சாவியை குடுத்துட்டு போறார், ஆனா டூப்ளிகேட் போட்டு வச்சிருக்காரான்னு யாருக்குத் தெரியும், பூட்டை மாத்தறது தான் ஒரே வழி. இதுவும் அப்படித்தான். பிட்வார்டன்ல "பாஸ்வேர்டை மறைச்சு குடு"ன்னு ஒரு அனுமதி இருக்கு, அந்த ஆள் ஆட்டோஃபில் மட்டும் பண்ணலாம், பாக்க முடியாதுன்னு. ஆனா வெப் பக்கத்துல நிரப்பின பாஸ்வேர்டை ப்ரௌசரோட டெவலப்பர் டூல்ஸ்ல எடுத்துடலாம், அதனால அதை பாதுகாப்புன்னு நம்பிடாதீங்க. ஒருத்தர் குழுவை விட்டுப் போனா அவர் தொட்ட எல்லா பாஸ்வேர்டையும் மாத்தணும், அவ்ளோ தான். மாத்தறது சுலபமா இருந்தா மாத்துவோம், மாத்தின பிறகு நாலு பேருக்கு போன் பண்ணி சொல்லணும்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டுடுவோம், அந்த நாளை வரவே வராது.

இந்த அளவுகோல்ல கீபாஸ் தான் முதல்ல அடி வாங்குது, எனக்கு அதுல வருத்தம் உண்டு. கீபாஸ் 2003ல இருந்து இருக்கு, ஓப்பன் சோர்ஸ், அக்கவுண்ட் கிடையாது, சர்வர் கிடையாது, எல்லாம் ஒரே ஒரு ஃபைல், அதை எங்க வேணா வச்சுக்கலாம். தனி ஆளுக்கு இதை விட நிம்மதி வேற இல்ல. ஆனா அந்த ஒரே ஃபைலை நாலு பேர் ட்ராப்பாக்ஸ் மாதிரி எதுலயாவது போட்டு பகிர்ந்தா, ஒரே நேரத்துல ரெண்டு பேர் சேவ் பண்ணா 'கான்ஃப்ளிக்ட்'னு ரெண்டாவது ஃபைல் வந்து நிக்கும். கீபாஸ்எக்ஸ்சில ரெண்டையும் ஒண்ணா மெர்ஜ் பண்ற வசதி இருக்கு, நல்லாவே வேலை செய்யும், ஆனா அதை யார் பண்ணுவா? நீங்க தான். எப்பவுமே நீங்க தான். கீஷேர்னு ஒரு வசதி வச்சு ஒரு குரூப்பை மட்டும் தனி ஃபைலா பகிரலாம், கம்ப்யூட்டர்ல எல்லாரும் கீபாஸ்எக்ஸ்சி வச்சிருந்தா சரி, ஆனா அது கீபாஸ்எக்ஸ்சியோட வசதி, ஃபைல் ஃபார்மட்டோட வசதி இல்ல, போன்ல வேற ஆப் வச்சிருக்கறவங்களை நம்பி அதுல இறங்க முடியாது. இதுக்கெல்லாம் மேல, ஃபைலோட மாஸ்டர் பாஸ்வேர்டை (மொத்தத்தையும் திறக்கற ஒரே பாஸ்வேர்ட்) நீங்க மாத்தினாலும் விலகிப் போனவர் கிட்ட இருக்கற பழைய காப்பி பழைய பாஸ்வேர்டுல திறந்துட்டே தான் இருக்கும்.

ப்ரௌசர், போன் கூடவே வர்றதுல ஆப்பிள் தான் பகிர்றதை ஒழுங்கா யோசிச்சிருக்காங்க. 2023ல ஐஓஎஸ் 17ல பகிரும் குரூப் வந்துச்சு, ஒருத்தர் மாத்தினா குரூப்ல எல்லாருக்கும் மாறும், 2024ல ஐஓஎஸ் 18ல தனி பாஸ்வேர்ட்ஸ் ஆப்பே வந்துடுச்சு. ஆனா கூட்டத்துல ஒரே ஒருத்தர் ஆண்ட்ராய்ட் வச்சிருந்தாலும் முடிஞ்சது கதை, எங்க வீட்ல அந்த ஒருத்தர் நான்.

1பாஸ்வேர்ட் பத்தி ட்ரையல் அனுபவம் மட்டும் தான், வருஷக்கணக்கா வச்சிருக்கறவங்க இன்னும் நல்லா சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச வரை மூணுலயும் வழவழப்பானது அது தான். பகிர்றதுக்குன்னு தனித்தனி வால்ட் (பாஸ்வேர்ட் பெட்டகம்), எந்த வால்ட் யாருக்குன்னு பாத்த உடனே புரியுது. ஃபேமிலி ப்ளான்ல அஞ்சு பேர், அதுல ஆர்கனைசரா இருக்கறவர், மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துட்டு நிக்கறவங்களோட அக்கவுண்டை மீட்டுத் தரலாம், வீட்ல பெரியவங்க இருந்தா இது சாதாரண விஷயம் இல்ல. சீக்ரெட் கீன்னு ஒண்ணு வேற இருக்கு, அது எதுக்குன்னு புரிய ஒரு பழைய கதை. 2022ல லாஸ்ட்பாஸ்ங்கற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர்ல நடந்தது ஞாபகம் இருக்கும், ஆகஸ்ட்ல சின்ன விஷயம் மாதிரி ஆரம்பிச்சு டிசம்பர்ல வாடிக்கையாளர் வால்ட்களோட பேக்கப்பே திருடு போயிடுச்சுன்னு அவங்களே சொன்னாங்க, அதுல சைட் முகவரி எல்லாம் என்க்ரிப்ட் பண்ணாமலே இருந்துச்சு, பாஸ்வேர்ட் பாதுகாப்பு மொத்தமும் அவங்கவங்க மாஸ்டர் பாஸ்வேர்டு எவ்ளோ வலுவானதுங்கறதுல வந்து நின்னுச்சு. 1பாஸ்வேர்ட்ல மாஸ்டர் பாஸ்வேர்டோட கூட, உங்க சாதனத்துல உருவாகி கம்பெனி கைக்கே போகாத இன்னொரு நீள சாவியும் சேரும், சீக்ரெட் கீ அது தான், அதனால சர்வர்ல இருந்து திருடினவன் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் ஊகிச்சுத் திறக்க முடியாது. இந்த ஒரு இடத்துல பிட்வார்டனை விட அது மேல தான், மறுக்க மாட்டேன். ஏன் எடுக்கலைன்னா இலவச ப்ளான் கிடையாது, சந்தா கட்டாம உள்ள வந்து பழகிப் பாருங்கன்னு வீட்ல யாரையும் கூப்பிட முடியல.

இப்போ பிட்வார்டன். தனி ஆளுக்கு இலவசத்துலயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை சாதனமும். பகிர்றதுக்கு 'ஆர்கனைசேஷன்'னு ஒண்ணு உருவாக்கணும், அதுக்குள்ள 'கலெக்ஷன்', பகிர்ற லாகினைப் போட்டு வைக்கற ஃபோல்டர் மாதிரி. இலவசத்துல ரெண்டு பேர், ரெண்டு கலெக்ஷன், கணவன் மனைவி ரெண்டு பேர் தான்னா காசே செலவழிக்க வேண்டாம். ஃபேமிலி ப்ளான்ல ஆறு பேர். நான் ரூட்டர் பாஸ்வேர்டை மாத்தி சேவ் பண்ணா அடுத்த சிங்க்ல எல்லார் போன்லயும் புதுசு இருக்கும், யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, யாரும் கேக்கறதும் இல்ல. எனக்கு வேண்டியது இது தான்.

ஆரம்பத்துல குழப்பற விஷயம் ஒண்ணு இருக்கு, ஒரு லாகினை ஆர்கனைசேஷனுக்கு நகர்த்தினா அது உங்களோடது இல்ல, ஆர்கனைசேஷனோடது. நீங்க விலகினா அது உங்க கூட வராது. நண்பர்களோட குழுன்னா இது தான் சரி, ஆனா உங்க சொந்த மெயில் லாகினை தெரியாம அங்க நகர்த்திடாதீங்க. பேங்க் லாகினை எந்த மேனேஜர்லயும் பகிராதீங்க, சேர்ந்து பாக்கணும்னா ஜாயிண்ட் அக்கவுண்ட் எடுத்து ஆளுக்கொரு லாகின் வாங்கிக்கறது நல்லது. அதே மாதிரி எந்த சைட்டாவது ஆளுக்கு ஆள் தனி யூசர் குடுத்தா பகிர்றதை விட அது தான் மேல்.

ஒரு தடவை மட்டும் வெளி ஆளுக்கு குடுக்கணும்னா 'சென்ட்'னு ஒரு வசதி, லிங்க் போகும், இத்தனை தடவைக்கு மேல திறக்கக் கூடாதுன்னு வைக்கலாம்.

குறை இல்லாம இல்ல. ஆட்டோஃபில் சில ஆப்ல எட்டிக்கூட பாக்காது. பகிர்ந்த லாகின்ல ஓடிபி கோடும் (எஸ்எம்எஸ்ல வர்றது இல்ல, ஆப்லயே உருவாகறது) சேர்ந்து வரணும்னா காசு கட்டின ப்ளான் வேணும். ஃபேமிலி ப்ளான்ல, மறந்துட்ட மாஸ்டர் பாஸ்வேர்டை 1பாஸ்வேர்ட் மாதிரி இன்னொருத்தர் மீட்டுத் தர முடியாது, அதுக்கு பதிலா எமர்ஜென்சி ஆக்ஸஸ்னு முன்கூட்டியே ஒருத்தரை நியமிச்சு வைக்கணும், அவர் கேட்டு நீங்க மறுக்காம நீங்க வச்ச கெடு முடிஞ்சா அவருக்கு திறக்கும். வேலை செய்யும், ஆனா முன்னாடியே செஞ்சு வச்சாத்தான். பழைய அக்கவுண்ட்னா செட்டிங்ஸ்ல கேடிஎஃப் எண்ணிக்கை (மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகிக்கறதை மெதுவாக்க எத்தனை தடவை கணக்கு போடுதுங்கறது) 6,00,000 இருக்கான்னு பாத்துடுங்க, 2023க்கு முன்னாடி திறந்ததுல கம்மியா இருக்கலாம், இல்லன்னா அங்கயே ஆர்கான்2ங்கற இன்னொரு முறைக்கு மாத்திக்கலாம். சொந்த சர்வர்ல வால்ட்வார்டன் (பிட்வார்டன் ஆப்களோட வேலை செய்யற, வேற ஆளுங்க எழுதின சர்வர்) ஓட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் ஓட்டல. வீட்ல எல்லாரோட லாகினும் ராத்திரி நின்னு போன என் சர்வரை நம்பி இருக்கறதை நினைச்சாலே தூக்கம் வராது.

கடைசியா பேக்கப். மாறி வர்றவங்க இதை கட்டாயம் பாக்கணும். பிட்வார்டன்ல உங்க வால்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணா பகிர்ந்த லாகின் எதுவும் அதுல வராது, ஆர்கனைசேஷனை தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும். சிஎஸ்வி ஃபார்மட்ல எடுத்தா பாஸ்கீ வராது, ஜேசன் ஃபார்மட்ல எடுங்க, பாஸ்வேர்ட் போட்டு பூட்டின ஜேசனா எடுத்தா இன்னும் நல்லது. நான் அந்த ரெண்டு ஃபைலையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு வைக்கறேன், கூடவே பழைய கீபாஸ் ஃபைலும் இன்னும் இருக்கு, அதை அழிக்க மனசு வரல.