வியாழன் இரவா, கடைசி நேரமா?

இங்கிலாந்து கால்பந்து வீரர்களை வாங்கி கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு பேன்டஸி பிரீமியர் லீக். கும்பகோணத்தில் அதை ஆடும் எங்கள் குழுவில் வாராவாரம் இதே குழப்பம்: பதினொருவரை முன்கூட்டியே வைப்பதா, கெடு வரை பொறுப்பதா?

விலை: வீரர்களின் விலை இரவோடு இரவாக ஏறலாம். முந்துபவருக்கு விளையாட்டுப் பணத்தில் 0.1 மில்லியன் பவுண்டு மிச்சம்.

காயம்: பொறுத்தவருக்கே லாபம். யார் ஆடமாட்டார் என்று பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வாய் திறப்பார்கள். இலவச மாற்றம் தீர்ந்திருந்தால், அவசரத்தில் வாங்கியவரை மாற்ற 4 புள்ளி போகும். நான் இழந்திருக்கிறேன், இன்னும் வலிக்கிறது.

வசதி: முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே கெடு. இங்கிலாந்தில் சனி மதியம் 12.30 ஆட்டம் என்றால், தை மாதத்தில் நமக்குக் கெடு மாலை 4.30. சம்பா அறுப்பில் வரப்பில் நிற்பவர் போனை எங்கே தொடுவது?

அவர் வியாழனே வைத்துவிடலாம். பதினொருவரில் யாராவது ஆடாவிட்டால் உள்ளே வர, கண்டிப்பாக ஆடக்கூடியவரை பெஞ்சில் (மாற்று வீரர் வரிசையில்) முதலில் நிறுத்தினால் சரி. மற்றவர்கள் பொறுங்கள். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி, அவரையாவது கடைசியில் தேர்ந்தெடுங்கள்.