பழைய சேணத்துக்கு நியாய விலை சொல்லும் பெரியமேட்டுக் கடை

தோல் வணிகத்துக்குப் பேர்போன, சென்னையின் பெரியமேட்டுப் பகுதிச் சந்து ஒன்றில் உள்ள இச்சிறு கடை, பழைய குதிரைச் சேணங்களைப் பழுதுபார்த்து விற்பதோடு, நம்மிடம் இருப்பதையும் வாங்கிக்கொள்கிறது. கான்பூரில் தைத்த சேணம் ஒன்றைக் கடைக்காரர் மடியில் கவிழ்த்து, முன்மேட்டையும் பின்மேட்டையும் இரு கைகளால் நெருக்கி, உள்ளிருக்கும் மரச்சட்டம் நெளிகிறதா, முனகுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்ட பிறகே விலை பேசினார். வார்களை மாற்றலாம், இறுகிப்போன கம்பளி அடைப்பையும் புதுப்பிக்கலாம். சட்டம் முறிந்துவிட்டாலோ, தோல் எவ்வளவு பளபளத்தாலும் அது வரவேற்பறை அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும், குதிரையின் முதுகில் ஏற்றவே கூடாது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லி விற்பதையே இக்கடையின் பெரும் சிறப்பாகக் கருதுகிறேன். சவாரி செய்பவர் கால் வைக்கும் அங்கவடிகளுக்குத் தனி விலை கேட்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.