வீட்டில் ஸ்டூடியோ அமைக்க இன்டீரியர்காரர்களை நம்புவோர் கவனத்திற்கு

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையை உருவப்படங்கள் எடுக்கும் ஸ்டூடியோவாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் இன்டீரியர் நிறுவனத்திடம் சென்ற ஆண்டு 3,80,000 ரூபாய் கொடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அளவுகளை மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் நான் ஏமாந்தது அளவுகளில்தான்.

அவர்கள் தந்த வரைபடத்தில் அறை 24 அடி நீளம், 12 அடி அகலம் என்று இருந்தது. அது சுவரின் வெளிப்புற அளவு. இரு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர் போக, உள்ளே இருப்பது இருபத்திரண்டரை அடியும் பத்தரை அடியும்தான். டேப் பிடித்து ஒருமுறை அளந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். தை மாத முகூர்த்தங்களில் திருமணப் படம் எடுக்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நான், அவர்கள் அனுப்பிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தே மகிழ்ந்து 60 சதவீத முன்பணத்தை அனுப்பிவிட்டேன். அகலக்கோண லென்ஸில் பார்த்தது போல அறையை அகட்டிக் காட்டிய படம் அது. திருமண மண்டபங்களை அப்படிப் பெரிதாகக் காட்டிப் பிழைக்கும் எனக்கே அது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வேலை தொடங்கி முடியும் வரை நான் எந்த லென்ஸில் படம் எடுப்பேன் என்று அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவை நெடுக்காகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு ஒருவரை முழு உருவமாக எடுக்க வேண்டுமானால் படத்தின் சட்டத்துக்குள் சுமார் 7 அடி உயரம் அடங்க வேண்டும். அதற்கு 85 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ பதினாறரை அடி தள்ளி நிற்க வேண்டும், 50 மி.மீ. லென்ஸில் 10 அடி போதும். ஆளின் நிழல் பின்திரையில் விழாமலிருக்க இடையில் ஐந்தடி, திரைக்கும் சுவருக்கும் இடையே ஓரடி, படம் எடுப்பவர் நிற்க இரண்டரை அடி என்று கூட்டினால், 85 மி.மீ. லென்ஸுக்கு 25 அடி வேண்டும். அதாவது, என் அறையில் அது முதலிலிருந்தே நடக்காத காரியம். இதைச் சொல்லத் தெரியாதவர்கள், கேமரா நிற்க வேண்டிய பக்கத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒப்பனை அலமாரியையும் அடித்துவைத்து, மிச்சமிருந்த இடத்தையும் குறைத்துவிட்டார்கள். மார்பளவுப் படங்களுக்கு இடையூறு இல்லை, அவற்றுக்கு ஆறடி தூரமே போதும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கூரையில். பத்தடி உயரமிருந்த அறைக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு, எட்டே முக்கால் அடியாக இறக்கினார்கள். நான்கடி விட்டமுள்ள சாஃப்ட்பாக்ஸை (விளக்கொளியை மென்மையாக்கும் துணிக்கூண்டை) நிற்கும் ஆளின் முகத்துக்கு மேலிருந்து சாய்த்துப் பிடித்தால் அதன் மேல்விளிம்பு சீலிங்கில் உரசுகிறது. தலைமுடிக்குப் பின்னிருந்து விழ வேண்டிய விளக்கைத் தொங்கவிட இடமே இல்லை. போதாததற்கு இடது சுவரில் பளபளக்கும் மயில்பச்சை பெயின்ட். முதல் வாடிக்கையாளராக வளைகாப்புப் படம் எடுக்க வந்த பெண்ணின் ஒரு கன்னம் மட்டும் பச்சையாக விழுந்தது. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை மாற்றினால் அந்தக் கன்னம் சரியாகி, மறு கன்னம் சிவந்தது! அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம் முடித்து மகன், மருமகள், பேரன்களோடு எட்டுப் பேர் வந்தார்கள். 2.72 மீட்டர் அகலமுள்ள காகிதத் திரையைத் தொங்கவிட்டால் அந்த அறையில் பக்கத்துக்கு முக்கால் அடிதான் மிஞ்சும். விளக்கு நிறுத்த இடமில்லாமல் அவர்களைக் கீழே போர்ட்டிகோவில் உட்காரவைத்து எடுத்துக் கொடுத்தேன்.

குறைகளைச் சொன்னபோது, "எஸ்டிமேட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்திருக்கிறோம் சார்" என்றார்கள். உண்மைதான், அதில் பிளைவுட்டின் தரம் இருந்தது, பெயின்ட்டின் பெயர் இருந்தது, "ஸ்டூடியோ வேலை, மொத்தம்" என்று ஒரு வரி இருந்தது. திரைக்கும் கேமராவுக்கும் இடையே எத்தனை அடி, வேலை முடிந்தபின் கூரை உயரம் எவ்வளவு என்பதெல்லாம் இல்லை. இரண்டாம் தவணைக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு வெள்ளைச் சீட்டுதான் வந்தது. நல்லவேளையாகப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பியிருந்தேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு மூலையையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே சீலிங்கைப் பிரித்தேன். எங்கள் தெரு மேஸ்திரி ஒன்றரை நாளில் அதை இறக்கிவிட்டார். பச்சைச் சுவரில் இப்போது கறுப்புத் துணி தொங்குகிறது. அலமாரியை மட்டும் வழக்கறிஞர் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், முழு உருவப் படம் கேட்பவர்களைத் திரையின் இடது ஓரமாக நிறுத்தி, அலமாரியை ஒட்டிய கதவைத் திறந்துவைத்து, வெளியே மொட்டை மாடியில் நின்றபடி 85 மி.மீ. லென்ஸில் எடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் நாட்களுக்கு முழு உருவப் பதிவுகளை ஏற்பதில்லை.