டேட்டாபேஸ் வடிவமைக்கப் பழக: எஸ்க்யூலைட்டா, போஸ்ட்கிரஸ்ஸா?

எஸ்க்யூலைட், போஸ்ட்கிரஸ் இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். பழக எதை எடுப்பது என்றால், என் சாய்வு போஸ்ட்கிரஸ் பக்கம். காசிமேட்டில் மீனை ஏலத்தில் எடுத்து வியாபாரிகளுக்குக் கடனில் கொடுக்கும் என் சித்தப்பாவின் கணக்கை இரண்டிலும் கட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவருக்கும் உட்கார்ந்து விளக்க நேரம் கிடைத்தது.

அதுவரை எல்லாம் எக்செலில் இருந்தது. ஒரே ஆள் ஒரு வரியில் 'மேரியக்கா', இன்னொன்றில் 'ராயபுரம் மேரி'. பாக்கி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் முறை, அதாவது தகவலை ஒன்றோடொன்று இணைந்த டேபிள்களாகப் பிரித்து வைப்பது, இந்த மாதிரிச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. முதலில் காகிதத்தில் நான்கு டேபிள் வரைந்தோம்: படகு, வியாபாரி, விற்பனை, வரவு. பாக்கிக்குத் தனி நெடுவரிசை வைக்கவில்லை. விற்பனையில் வரவைக் கழித்தால் அது தானே வரும்.

எஸ்க்யூலைட் எளிது. பின்னணியில் ஓடும் தனி சர்வர் புரோகிராம் வேண்டாம், மொத்தமும் ஒரே ஃபைல், பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. போஸ்ட்கிரஸ்ஸை நிறுவ வேண்டும், பாஸ்வேர்டு வைக்க வேண்டும், சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் அலுப்புதான்.

ஆனால் கற்பவருக்கு முக்கியம், தப்பான வரியை டேட்டாபேஸ் தடுக்கிறதா என்பது. விற்பனை டேபிளில் வியாபாரி எண்ணை ஃபாரின் கீயாக (வியாபாரி டேபிளில் உள்ள ஒருவரையே அது சுட்ட வேண்டும் என்ற விதி) எழுதிவிட்டு, பாக்கி வைத்திருக்கும் ஒரு வியாபாரியை நீக்கிப் பாருங்கள். எஸ்க்யூலைட் வழக்கமான அமைப்பில் பேசாமல் நீக்கிவிடும். ஃபாரின் கீ சோதனை அதில் அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாமே போட வேண்டும். விற்பனை வரிகள் ஆளில்லாமல் நிற்கும், கடன் யாருடையது என்றே தெரியாது. எடை என்று இன்டிஜராக (முழு எண்ணாக) அறிவித்த நெடுவரிசையில் 'பத்து கிலோ' என்று எழுத்தில் போட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். 2021இல் வந்த ஸ்டிரிக்ட் டேபிள் அதைத் தடுக்கும், ஆனால் அப்படி ஒன்று இருப்பது புதியவருக்கு எங்கே தெரியும்?

போஸ்ட்கிரஸ் இரண்டையும் மறுத்து, எந்த விதி உடைகிறது என்றும் சொல்லும். அந்த எரர்தான் நம்மை யோசிக்க வைக்கிறது. சரி, பாக்கி உள்ளவரை நீக்கக் கூடாது என்றால், தொழிலை விட்டவரை எப்படிக் குறிப்பது? அப்போதுதான் வியாபாரி டேபிளுக்கு 'இப்போது வாங்குகிறாரா' என்ற நெடுவரிசை வேண்டும் என்று புரிந்தது. சித்தப்பாவிடம் கேட்டிருந்தாலும் இது முதலில் வந்திருக்காது. அவர் மனதில் யாரும் நீங்குவதே இல்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. ஒன்று மட்டும் கவனிக்கலாம்: 8.0.16க்கு முந்தைய பதிப்புகளில் செக் விதியை (எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை) எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் எழுதும் டேட்டாபேஸ் பற்றியும் எனக்கு அனுபவம் போதாது. எங்கள் கணக்கில் எழுதுபவர் இருவர்தான்.

லேப்டாப்பில் எதையும் நிறுவ வழியில்லாதவர் எஸ்க்யூலைட்டிலேயே தொடங்கலாம். அப்படியானால் இணைப்பைத் திறந்ததும் முதல் கட்டளையாக ஃபாரின் கீ சோதனையை ஆன் செய்யுங்கள், டேபிள்களை ஸ்டிரிக்ட் என்று அறிவியுங்கள், அப்புறம் வேண்டுமென்றே ஒரு தப்பான வரியைப் போட்டு அது மறுக்கிறதா என்று பாருங்கள்.