உள்ள ஒண்ணுமே இல்லாத மேக்ரோ (குட்டிப் பொருள பெருசா படம் எடுக்குற) சாமான்: சாதா எக்ஸ்டென்ஷன் ட்யூப், மூணு மாசம் யூஸ் பண்ணதுல

பார்சலப் பிரிச்சதும் வீட்ல கேட்ட முதல் கேள்வி, "என்ன, கண்ணாடி போட மறந்துட்டானா?" கேட்டதுல தப்பே இல்ல, ஏன்னா இதுல கண்ணாடியே கிடையாது, வெறும் உலோக வளையம் மூணு, ரெண்டு பக்கமும் மவுண்ட் (ஒரு பக்கம் கேமராவும் மறுபக்கம் லென்ஸும் மாட்டுற வாய்), அவ்ளோதான். லென்ஸ கேமராவுக்கு கொஞ்சம் தள்ளி நிக்க வச்சா கிட்டத்துல இருக்குற பொருள ஃபோகஸ் பண்ண முடியும், இதோட மொத்த வேலையும் அதுதான். அதனால பேர் தெரியாத கம்பெனி சாமான்னாலும் படத்தோட தரம் உங்க லென்ஸ் தரம்தான், கெடுக்க உள்ள வேற கண்ணாடி எதுவும் இல்ல.

மூணையும் மாட்டுனா என் செட்டுல மொத்த நீளம் 65 மிமீ வருது, லென்ஸ் 50 மிமீ, 65ஐ 50ஆல வகுத்தா 1.3, அதாவது கேமராவுக்குள்ள விழுற பிம்பம் நெஜப் பொருள் மாதிரி 1.3 மடங்கு. என்னோட சின்ன சென்சார் (படம் பதியுற சில்லு) கேமராவுல சுமார் 18 மிமீ அகலம் ஃப்ரேம் ஃபுல்லா வந்துடும். தீக்குச்சி மருந்து சொரசொரன்னு பாறை மாதிரி தெரியுது, பால்பாயிண்ட் பேனா முனையில அந்தக் குட்டி குண்டு மேல மை ஒட்டியிருக்குறது வரைக்கும் தெரியுது.

ஆனா குறைய மறைக்க மாட்டேன். கேமராவும் லென்ஸும் பேசிக்கிற எலக்ட்ரிக் கான்டாக்ட் இல்லாத ட்யூப் இது, அதனால அப்பர்ச்சர (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டை) கேமராவால மாத்த முடியாது, நான் மொதல்ல புது லென்ஸ மாட்டிட்டு அது ஃபுல்லா தொறந்தே கிடக்குறது தெரியாம ஒரு சாயங்காலம் பூரா ஊக்கு ஒண்ண மங்கலா எடுத்துட்டு இருந்தேன். அந்த ஓட்டைய கையாலயே திருகி மாத்துற அப்பர்ச்சர் ரிங் இருக்குற பழைய மேனுவல் லென்ஸுக்கு மாறினப்புறம்தான் நிம்மதி. அதுலயும் எஃப் 8 (எஃப் எண் கூடினா வெளிச்சம் கம்மி) வச்சா இவ்ளோ பெருசாக்குறப்ப அது எஃப் 18 மாதிரிதான் நடந்துக்கும், வெளிச்சம் கிட்டத்தட்ட ரெண்டரை ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) போயிடும், ஷார்ப்பா இருக்குற ஆழம் அரை மில்லிமீட்டர் கூட கிடையாது. மூச்சு விட்டா படம் போச்சு, ரெண்டு செகண்ட் டைமர் கட்டாயம்.

இன்னொண்ணு, உள்பக்கம் பளபளன்னு இருக்கு, வெள்ளை பேக்ரவுண்ட் வச்சா நடுவுல வெளிறிப் போன வட்டம் விழுது, கறுப்புத் தாள சுருட்டி உள்ள விட்டதும் சரியாச்சு. ரெண்டு வளையம் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கிட்டு ஒரு தடவ கழட்டவே வரல, கடைசில ரெண்டுலயும் ரப்பர் பேண்ட் சுத்தி திருகினதுல தான் விட்டுச்சு.

எனக்குப் புடிச்சது என்னன்னா இதுக்குன்னு வேற எதுவும் வாங்க வேண்டியதில்ல, மிச்சம் எல்லாம் வீட்லயே கிடக்கு. பொருள நிறுத்திப் புடிக்க துணி கிளிப், பேக்ரவுண்டுக்கு கசக்குன அலுமினியம் ஃபாயில், அது ஃபோகஸுக்கு வெளிய போனதும் பொட்டு பொட்டா மின்னுது பாருங்க, காசு குடுத்து வாங்குன எதுவும் அப்படி வரல. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவுல நாலஞ்சு சென்டிமீட்டர்தான் இடம், மேலேர்ந்து லைட் அடிச்சா லென்ஸ் நிழலே விழும், அதனால டார்ச்ச பக்கவாட்டுல வச்சு முன்னாடி டிஷ்யூ பேப்பர் ஒண்ணு தொங்க விட்டுடுறேன்.

தண்ணித் துளி எடுக்குறதா இருந்தா தண்ணியில கொஞ்சம் கிளிசரின் கலந்துடுங்க, சீக்கிரம் காயாது, குண்டா நிக்கும். பின்னாடி ஃபோன் ஸ்க்ரீன்ல ஒரு பூ படத்த தலைகீழா போட்டு வைங்க, துளிக்குள்ள அது நேரா தெரியும். இது தெரியாம நான் நேரா வச்சிட்டு பூ ஏன் தலைகீழா நிக்குதுன்னு குழம்பினது தனி காமெடி.

ஃபோகஸ கொஞ்சம் கொஞ்சமா தள்ளி பல படம் எடுத்து, ஷார்ப்பான பகுதிய எல்லாம் சாஃப்ட்வேர்ல ஒரே படமா சேக்குறதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதுக்கு கேமராவ நகர்த்துற ரெயில் ஒண்ணு விக்கிறாங்க, நான் வாங்கல. சாதா பிரிண்டர் தாள் ஒண்ணு ஏறக்குறைய 0.1 மிமீ தடிமன், சரியா? கேமராவ கீழ் நோக்கி ஸ்டாண்டுல மாட்டிட்டு, ஒரு கட்டு தாள் மேல சின்ன டப்பா, அது மேல பொருள். ஒவ்வொரு படத்துக்கும் மூணு தாள் உருவிடுவேன், 0.3 மிமீ இறங்கிடும். டப்பா எடம் மாறாம இருக்க ரெண்டு கனமான புக்க எல் ஷேப்ல வச்சு அந்த மூலையில ஒட்டி வச்சிடுறது. லேசா நகந்தா சாஃப்ட்வேர் சரி பண்ணிக்கும். கைக்கடிகார பல்சக்கரம் ஒண்ண இப்படி 14 படம் எடுத்து சேத்தேன், பல்லு பல்லா எண்ணலாம்.

அப்பர்ச்சர் ரிங் இருக்குற லென்ஸ் கையில இருந்தா கண்ண மூடிட்டு இத வாங்கலாம். இல்லன்னா கான்டாக்ட் பின் இருக்குற மாடலா பாத்து வாங்குங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல, என்ன மாதிரி ஊக்கோட ஒரு சாயங்காலத்த தொலைக்க வேணாம். பூச்சி எடுக்கணும்னு ஆசப்படுறவங்களுக்கு இது வேணாம், நாலு சென்டிமீட்டர் கிட்ட லென்ஸ கொண்டு போறதுக்குள்ள அது பறந்துடும்.