லேபிள் இல்லாத நைட் க்ரீம்: எண்ணெய் வடியும் முகம் உள்ளவர்கள் கவனிக்கவும்

பியூட்டி பார்லரில் "இது நாங்களே தயாரிக்கிறது" என்று சொல்லி, பெயரும் ஊரும் இல்லாத டப்பாவில் நைட் க்ரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்று இரவு பூசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். பார்லரின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். இந்த மாதிரி க்ரீம் ஊருக்கு ஊர் விற்கிறது. அதனால் கடைப் பெயரைவிட, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் பயன்.

என் முகம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்கிறேன். காலையில் கழுவித் துடைத்த கொஞ்ச நேரத்திலேயே கன்னம் இழுத்துப் பிடிக்கும். பதினோரு மணி ஆவதற்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியும். பவுடர் போட்டால் மூக்கில் கரைந்துவிடும், கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். தாடையோரம் எப்போதும் நாலைந்து பரு. வெளியே வெயில், ஆபீசில் நாள் முழுக்க ஏசி, வீட்டில் போர் தண்ணீர் என்று இருக்கும் நிறையப் பேருக்கு இதே கதைதான். எண்ணெயும் வடிகிறது, வறட்சியாகவும் இருக்கிறதே, என்ன பூசுவது என்ற இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் விற்கிறவர்கள் உள்ளே நுழைகிறார்கள்.

பார்லரில் உட்கார்ந்ததும் முகத்தை ஒரு பஞ்சால் துடைத்தார்கள். சுரீரென்று எரிந்தது, ஸ்பிரிட் வாசனை அடித்தது. துடைத்த கையோடு பேனா மாதிரி ஒரு கருவியைக் கன்னத்தில் வைத்து எடுத்தார்கள். திரையில் 19 என்று காட்டியது. "பாத்தீங்களா, ஸ்கின்ல தண்ணியே இல்ல. வெளிய எண்ணெய், உள்ள வறட்சி. இப்படியே விட்டா இந்த வயசுலயே சுருக்கம் விழுந்துடும்மா" என்றார் பார்லர் அக்கா. ஃபேஷியல் முடிந்து, முகத்தில் ஜெல் இன்னும் பளபளவென்று இருக்கும்போதே அதே கருவியை மறுபடி வைத்தார். 46. "ஒரே சிட்டிங்ல எவ்ளோ ஏறியிருக்கு பாருங்க."

அந்தக் கருவி செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்த வித்தை புரிந்துவிடும். அது தோலின் மேற்பரப்பில் மிகச் சிறிய அளவு மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கிறது. ஈரம் இருந்தால் நன்றாகக் கடக்கும். காய்ந்திருந்தால் கடக்காது. ஏசி அறையில் ஆல்கஹால் கலந்த டோனரால் துடைத்து அது ஆறியதும் யார் கன்னத்தில் வைத்தாலும் குறைவாகக் காட்ட வாய்ப்பு அதிகம். ஈர ஜெல்லின் மேல் வைத்தால் கூடத்தான் செய்யும். முன்னும் பின்னும் இந்த எண்ணைக் காட்டி உங்களிடம் பேக்கேஜ் பேசினால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

என்னிடம் பேசிய பேக்கேஜ் 12,000 ரூபாய். 'ஆயில் கன்ட்ரோல் ஹைட்ரேஷன்' என்று பெயர். ஹைட்ரேஷன் என்றால் தோலுக்கு ஈரம் கொடுப்பது. அங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். நீளமாக ஆவி பிடிக்கவைத்து, கரடுமுரடான ஸ்க்ரப்பைப் பரு இருக்கும் இடத்திலும் அழுத்தித் தேய்த்து, பிளாக்ஹெட் எடுக்கிறோம் என்று கம்பியால் அழுத்தி, கடைசியில் அதே எரிகிற டோனர். "எரியுதே அக்கா" என்றால், "எண்ணெயை வத்த வச்சாத்தான் பரு நிக்கும், அப்படித்தான் இருக்கும்" என்பார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும்போது முகம் சிவந்து, தோல் உரியத் தொடங்கியது.

உரிகிறது என்று சொன்னபோதுதான் அந்த க்ரீம் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பேனாவால் 'நைட்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வேறு ஓர் எழுத்து இல்லை. திறந்தால் லேசான மஞ்சளில் ஒரு க்ரீம், ரோஜா வாசனை. ஒரு டப்பா 450 ரூபாய். "என்ன கலந்திருக்கீங்க?" என்று கேட்டேன். "குங்குமப்பூ, அதிமதுரம், கத்தாழை. எல்லாம் ஹெர்பல்தான், பயப்படாதீங்க" என்றார்.

பூச ஆரம்பித்த சில நாளிலேயே பரு அடங்கிவிட்டது. எரிச்சல் போய், முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. அலுவலகத்தில் என்ன போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாவது டப்பா நடக்கும்போது ஊருக்குப் போன இடத்தில் க்ரீம் கையில் இல்லை. இரண்டே நாளில் முகம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பியது. அடுப்புப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவு எரிச்சல். வெயில் பட்டால் ஊசி குத்துவது போலிருந்தது. பார்லருக்குப் போன் செய்தால், "க்ரீமை நிறுத்துனதாலதான். திரும்பப் போடுங்க, சரியாயிடும்" என்றார். போட்டால் உண்மையிலேயே அடங்கியது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. கொஞ்ச நாளில் கன்னத்தில் நூல் மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்தன, காதோரம் முடி அடர்ந்தது.

தோல் மருத்துவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பேர் இல்லாத க்ரீம் ஏதாவது போட்டியாம்மா?" என்பதுதான். டப்பாவைக் காட்டினேன். இது ஸ்டீராய்டு க்ரீம் செய்யும் வேலை, இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார். மொமட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு ட்யூப்களைச் சாதாரண மாய்ஸ்சரைசரில் குழைத்து விற்பது பல இடங்களில் நடக்கிறதாம். சிலர் ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற மருந்துகளும் சேர்ந்த 'ட்ரிப்பிள் காம்பினேஷன்' ட்யூபையும் கலக்கிறார்கள். அந்த ட்யூப், மங்கு போன்ற கருமைக்காக டாக்டர் பார்வையில் குறைந்த காலத்துக்கு மட்டும் போடவேண்டிய மருந்து.

ஸ்டீராய்டு முதலில் ஏன் அற்புதம் போலத் தெரிகிறது என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார். தோலில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களை அது சுருக்குகிறது, அதனால் முகம் வெளுப்பாகத் தெரியும். வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குகிறது, அதனால் பரு அமுங்கும். உள்ளுக்குள் தோல் மெலிந்துகொண்டே வரும். நிறுத்தியதும் அடங்கியிருந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரிவது, தேவையில்லாத முடி, ஸ்டீராய்டாலேயே வரும் பரு, வெயில் தாங்காமை எல்லாம் இதன் பின்விளைவுகள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்கிறது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. அந்த அட்டவணையில் உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையே விற்கக் கூடாது. பார்லருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

வெள்ளையாக்கும் க்ரீம்களில் இன்னொரு ஆபத்து பாதரசம். 2023-இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் அப்படிப்பட்ட க்ரீம் பூசியது தெரியவந்தது. பூசுவது முகத்தில் என்றாலும் கேடு சிறுநீரகம் வரை போகிறது. நம் நாட்டு அழகுசாதன விதிகள்படி டப்பாவின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம், மிகச் சிறிய டப்பாக்களைத் தவிர மற்றவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஹெர்பல் என்ற ஒரு வார்த்தை இதில் எதற்கும் ஈடாகாது.

சரி, எண்ணெயும் வறட்சியும் சேர்ந்த முகத்துக்கு என்னதான் செய்வது? டாக்டர் சொன்னதையும் நான் கடைப்பிடிப்பதையும் எழுதுகிறேன். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெயைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி, அதை நடத்துவது ஹார்மோன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தச் சுரப்பி நிற்காது. ஈரத்தைப் பிடித்துவைப்பது தோலின் மேலடுக்கு. தேய்ப்பதாலும் ஆல்கஹாலாலும் கெட்டுப்போவது அதுதான். பார்லர் அக்கா வற்றவைத்ததும் அதைத்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் மேலடுக்கு கெட்டிருந்தால் ஈரம் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும்.

மென்மையான ஃபேஸ் வாஷால் காலையும் இரவும் இரண்டு முறை கழுவினால் போதும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே கிளிசரினோ ஹயலுரோனிக் ஆசிட்டோ உள்ள ஜெல் வகை மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். எண்ணெய் வடிகிறவர்கள் மாய்ஸ்சரைசர் போடக் கூடாது என்பது பெரிய பொய். பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். மருந்துக் கடையில் லேபிளோடு கிடைப்பவற்றுக்கு ஆகும் செலவு, அந்த 12,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டு வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நம் பாட்டிமார் பன்னீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து பூசியது இன்றைக்கும் சரியான யோசனைதான். கிளிசரின் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆனால் அப்படியே அப்பாமல், நன்றாக நீர்க்கச் செய்து பூசுங்கள். கற்றாழை மடலை வெட்டினால் மஞ்சள் பால் வழியும், அது சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். மடலை நிமிர்த்தி வைத்துப் பால் முழுக்க வடிந்த பிறகு, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவிப் பூசலாம். பாசிப்பயறு மாவை மெல்லிய துணியில் சலித்து, தேய்க்காமல் குழைத்துப் போட்டுக் கழுவலாம். முல்தானி மட்டியை எப்போதாவது போட்டால் போதும், காய்ந்து வெடிக்கும் வரை விடக் கூடாது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். தோலின் அமிலத்தன்மை பிஎச் கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சை 2-ஐ ஒட்டி இருக்கும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகிக் கருக்கக்கூடும். சமையல் சோடாவும் பற்பசையும் அப்படித்தான், முகத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பரு உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் தவிர்ப்பது நல்லது. முகம் சிவந்து எரிகிற நிலையில் இருந்தால் எந்த வீட்டு வைத்தியமும் செய்யாதீர்கள். எனக்கு அப்போது வெறும் பன்னீர்கூட எரிந்தது.

பார்லரில் போய்க் கேட்டதற்கு, "எங்க க்ரீம்ல அப்படி எதுவும் இல்ல, நீங்க வேற ஏதோ போட்டிருக்கீங்க" என்றார்கள். பேக்கேஜுக்கும் க்ரீமுக்கும் பில் கேட்டபோதெல்லாம் அடுத்த முறை என்று தள்ளியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருந்ததால் புகார் கொடுக்க முடிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்து கலந்த க்ரீம் என்ற சந்தேகம் இருந்தால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடமும் எழுதிக் கொடுக்கலாம். டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், போட்டோ எடுத்து, இறுக மூடிப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது அந்த மாதிரி க்ரீம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்தியதும் முகம் சிவந்து கிளம்பினால், பயந்துபோய்த் திரும்ப அதையே பூசாதீர்கள், வேறு பார்லருக்கும் ஓடாதீர்கள். எப்படி நிறுத்துவது, இடையில் என்ன மருந்து போடுவது என்று தோல் மருத்துவர் சொல்வார். குணமாக மாதக்கணக்கில் ஆகும், எனக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகப் போனால் காசில்லாமல் பார்ப்பார்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.